இருபத்தைந்தாவது நாட்டுக்கு ஒரு பயணக் கையேடு

கேள்வி: திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் 15 வருடமாக மெர்ச்சண்டைசர் (ஆர்டர்களைக் கவனிப்பவர்) வேலை பார்க்கிறேன். பல நாட்டு பையர்களோடு (சரக்கு வாங்க வருபவர்களோடு) பழகியதில், ஜெர்மன்காரர் இப்படி, இத்தாலிக்காரர் அப்படி என்று நகைச்சுவையாக 40 பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். படித்த நண்பர், "வாட்ஸ்அப் துணுக்கு மாதிரி இருக்குதுங்க" என்கிறார். "ஆரையாச்சும் நோகடிச்சு வெசனத்தை வாங்கிக்காதீங்க" என்கிறார் என் மனைவி. நாடுகளைக் கிண்டல் செய்யும் புத்தகத்தை எப்படி எழுதுவது? எத்தனை பக்கம் வேண்டும்? வழக்கு ஏதும் வருமா?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: உங்கள் நண்பரும் மனைவியும் ஒரே குறையைத்தான் இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். "ஜெர்மன்காரர் நேரம் தவறமாட்டார்" என்று வாக்கியம் தொடங்கும்போதே வாசகருக்கு முடிவு தெரிந்துவிடுகிறது. அதனால் சிரிப்பு வருவதில்லை. படிக்கிற ஜெர்மன்காரருக்கோ அதில் மனிதர் யாரும் தெரிவதில்லை, தன் முதுகில் குத்திய முத்திரைதான் தெரிகிறது. அதனால் நோகிறது. தொல்காப்பியம் அங்கதத்தை, அதாவது கேலி எழுத்தை, இரண்டாகப் பிரிக்கும். வெளிப்படையாகச் சொன்னால் செம்பொருள் அங்கதம். அதற்கு வசை என்றே பெயர். மறைத்துச் சொன்னால் பழிகரப்பு. உங்கள் 40 பக்கமும் முதல் வகையில் நிற்கிறது. இரண்டாம் வகைக்குக் கொண்டுபோக வேண்டும்.

அதற்கு முதல் வேலை, உண்மையான நாடுகளை எடுத்துவிட்டு இல்லாத நாடு ஒன்றை உண்டாக்கி, அதற்குப் பயணக் கையேடு எழுதுவது. இதில் அருமையான முன்மாதிரி இருக்கிறது. 1977 ஏப்ரல் 1 அன்று பிரிட்டனின் 'கார்டியன்' நாளிதழ், சான் செரிஃப் என்ற தீவு நாட்டின் பத்தாவது சுதந்திர ஆண்டுக்காக ஏழு பக்கச் சிறப்பிணைப்பு போட்டது. அப்படி ஒரு நாடே கிடையாது. பெயர்கள் எல்லாம் அச்சுத் தொழிலின் சொற்கள். தலைநகர் போடோனி ஓர் எழுத்துருவின் பெயர். ஆட்சியாளர் ஜெனரல் பைக்கா, எழுத்தின் அளவுப் பெயர். வரைபடத்தில் இரண்டு தீவுகளும் சேர்ந்து அரைப்புள்ளி வடிவம். உண்மையான நிறுவனங்களே அதில் விளம்பரம் கொடுத்திருந்தன. நம்பிவிட்ட வாசகர்கள் நாள் முழுக்க அலுவலகத்துக்குப் போன் செய்தார்கள்.

அச்சுக்குப் பதில் உங்களுக்குப் பனியன் இருக்கிறது. கொங்குக்கு 24 நாடு என்பது பழைய கணக்கு. பூந்துறை நாடு, காங்கேய நாடு என்ற அந்த வரிசையில் 25-வதாகப் 'பிசிறு நாடு' என்று ஒன்றைச் சேருங்கள். ஓவர்லாக், பேட்லாக் என்ற தையல் மெஷின்களின் பெயரில் இரண்டு மாகாணங்கள். பட்டன் துளையான காஜாவின் பெயரில் தலைநகர் காஜாபுரம். பிரதம மந்திரிக்கு, டெய்லருக்குக் கூட நின்று உதவும் ஆளின் பெயரான 'கைமடி' என்று பட்டம் கொடுக்கலாம். வேலையில் பாதி அவருடையது, பெயர் முழுக்க ராஜாவுக்கு. தொழில் தெரியாதவர் இவற்றை வெறும் பெயராகப் படித்துப் போவார், தெரிந்தவர் நின்று சிரிப்பார். இரண்டு பேருக்கும் வாக்கியம் ஓட வேண்டும்.

எழுதும் முன் அந்த நாட்டின் விதிகளை ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஐந்தாறு விதி போதும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் வேண்டும். பிசிறு நாட்டில் வாரம் சனிக்கிழமையில் பிறக்கும், ஏனென்றால் சம்பளம் அன்றைக்குத்தான். ஷிப்மென்ட் கப்பல் கிளம்பும்வரை தேதி மாறாது. கப்பல் பத்து நாள் தாமதித்தால் பத்து நாளும் நேற்றுதான். பிறகு இந்த விதியை மறந்துவிடாதீர்கள். பள்ளித் தேர்வு, கல்யாண முகூர்த்தம், ரயில் அட்டவணை என்று அந்த 'நேற்று' 80-ஆம் பக்கத்தில் திரும்பி வரும்போதுதான் பெரிய சிரிப்பு வரும். துணுக்குக்கு நினைவு கிடையாது, புத்தகத்துக்கு உண்டு. உங்கள் நண்பருக்குக் குறையாகப் பட்டது இதுதான்.

அடுத்தது குரல். இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். எழுத்தாளரே முந்திக்கொண்டு சிரித்தால் வாசகருக்கு வேலை இல்லை. கையேட்டை எழுதுபவர் அந்த நாட்டை மனதார நம்புகிற ஒரு சுற்றுலாத் துறை ஊழியராக இருக்கட்டும். எதையும் புகழ்ந்தே சொல்லட்டும். தகடூர் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார் செய்தது அதுவே. உங்கள் வேல்கள் பீலி சூட்டி, நெய் பூசிப் பளபளக்கின்றன, எங்கள் மன்னனுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். வசையாக ஒரு சொல் இல்லை. போர் தெரியாதவர் யார் என்பது கேட்டவருக்குத் தானே விளங்கிவிட்டது. புறநானூற்றின் 95-வது பாட்டை ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டு எழுத உட்காருங்கள்.

கையேடு என்றால் அதன் உறுப்புகள் எல்லாம் வேண்டும்: வரைபடம், வரலாறு, தங்குமிடம், சாப்பாடு, எச்சரிக்கை, அவசரத்துக்குச் சில சொற்கள். சொற்பட்டியலை முதலில் எழுதுங்கள், குரல் அங்கேதான் பிடிபடும். 'சித்த இருங்க: ஐந்து நிமிடம் முதல் அரை நாள் வரையிலான கால அளவு.' 'அக்கட்டால: கை காட்டும் திசை, கையில் டம்ளர் இருந்தால் தாடை காட்டும் திசை.' 'சாப்பிட்டுப் போலாமுங்க: மூன்று முறை மறுத்த பிறகே உண்மையான அழைப்பு தொடங்கும்.' இவற்றுக்கு ஒறம்பரை (உறவினர்) வீட்டுத் திண்ணையிலேயே சிரிப்பார்கள், ஏனென்றால் அன்பாகக் கவனித்தவர் மட்டும் எழுத முடிகிற விஷயம் அது.

மோல்வானியா என்ற இல்லாத கிழக்கு ஐரோப்பிய நாட்டுக்கு ஆஸ்திரேலியர் மூவர் எழுதிய கையேடு 2003-ல் வந்தது. வடிவத்தைக் கற்க அதைவிடப் பொருத்தமான நூல் இல்லை. ஆனால் அதன் அட்டையே, நவீன பல் மருத்துவம் தொடாத நாடு என்கிறது. உள்ளேயும் அழுக்கு, வறுமை, பழுதான குழாய் என்றே நிறைய கேலி. ஏழ்மை ஒரு மக்களின் குணம் ஆகாது. நீங்கள் அந்தப் பக்கம் போகவேண்டாம். பிசிறு நாட்டு ஆறு சீசனுக்கு ஒரு நிறத்தில் ஓடுவதாக எழுதலாம். அப்போது கேலி, அடுத்த வருட நிறத்தை ஏசி அறையில் முடிவு செய்பவர்மேல் விழ வேண்டும்; சாயத்தண்ணீரால் காடு பாழான ஒரத்துப்பாளையம் விவசாயிமேல் விழக்கூடாது. ஒவ்வொரு நகைச்சுவைக்கும் ஓரத்தில் 'யார்மேல்?' என்று பென்சிலால் குறித்துப் பாருங்கள். பதில் சொல்ல வழியில்லாதவர் பெயர் வந்தால் அடித்துவிடுங்கள்.

உண்மை நாட்டைத் தொட்டே ஆகவேண்டும் என்றால் அங்கே வாழ்ந்தவராக இருப்பது நல்லது. ஹங்கேரியரான ஜார்ஜ் மிகேஷ் 1938-ல் நிருபராக இரண்டு வாரத்துக்கு லண்டன் போய் அங்கேயே தங்கிவிட்டவர். 1946-ல் ஆங்கிலேயரைக் கிண்டல் செய்து அவர் எழுதிய சிறு நூலை ஆங்கிலேயரே கொண்டாடினார்கள். அதில் அந்நியராகத் தடுமாறுகிறவர் அவர்தான். உங்கள் நூலிலும் ஜெர்மன் பையர் வரட்டும், ஆனால் அவர் பிசிறு நாட்டுக்கு வந்து திகைக்கும் விருந்தாளியாக வரட்டும்.

உடல், நிறம், மதம், சாதி வேண்டாம். அண்மைத் துயரமும் வேண்டாம். சான் செரிஃபை முதலில் அட்லாண்டிக் கடலில் உள்ள டெனெரிஃப் தீவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். வெளியீட்டுக்குச் சில நாள் முன் அங்கே இரண்டு விமானங்கள் மோதியதும் நாட்டையே இந்தியப் பெருங்கடலுக்கு மாற்றினார்கள். அந்தக் கவனம் உங்களுக்கும் வேண்டும்.

சட்டத்தில், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-வது பிரிவு மதம், இனம், மொழி, பிறந்த இடம் போன்றவற்றின் பேரில் பகை வளர்ப்பதையும், 299 மத உணர்வை வேண்டுமென்றே புண்படுத்துவதையும், 356 அவதூறையும் குற்றமாக்குகின்றன. கற்பனை நாட்டால் இந்தப் பயம் பெரிதும் குறையும். உங்களுக்குப் பக்கத்து ஆபத்து வேறு: பையர் ஒருவர் தன்னை அடையாளம் கண்டுகொள்வது. ஊர், பிராண்டு, ஆர்டர் விவரம் எதுவும் வேண்டாம். வேலையில் சேர்ந்தபோது ரகசியக் காப்பு ஒப்பந்தம் போட்டிருந்தால் எடுத்துப் படியுங்கள்.

அளவு 128 பக்கம். டெமி என்ற புத்தக அளவில் 16 பக்கம் ஒரு பாரம் (ஒரே தாளில் சேர்த்து அச்சாகும் பக்கங்கள்) என்றால் எட்டு பாரம் கச்சிதமாக முடியும். 130 பக்கம் ஆனால் கடைசி பாரத்தில் வெற்றுத் தாளுக்கும் காசு போகும். பக்கத்துக்கு 200 சொல், படங்களுக்கு 25 பக்கம் என்று வைத்தால் சுமார் 20,000 சொல் எழுத வேண்டும். புத்தகத்தின் சர்வதேச அடையாளமான ஐஎஸ்பிஎன் எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகத் தருகிறது. முதலில் 200 பிரதி டிஜிட்டலில் அடித்தால் போதும். ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு வேண்டுமென்றால் ஜூன் மாதமே அச்சகத்துக்குக் கொடுத்துவிடுங்கள். ஓவியரிடம் படங்களுக்கான உரிமையை எழுதி வாங்குங்கள். வரைபடத்தை இரண்டு பக்கம் விரியும்படி போட்டால் நடுமடிப்பில் இருபுறமும் அரை அங்குலம் விடச் சொல்லுங்கள். விடாவிட்டால் காஜாபுரம் பைண்டிங்குக்குள் போய்விடும்.