பழைய பிஎஸ் 4: திருத்துவதா, மாற்றுவதா?

வீட்டுக் கருவிகள் பற்றிய வாசகர் கேள்விகளுக்குக் கிளிநொச்சியில் திருத்தகம் நடத்தும் நம் பத்தியாளர் பதில் சொல்கிறார்.

கேள்வி: வணக்கம் அண்ணா. கனடாவில் இருக்கும் என் தம்பி 2017இல் ஊருக்கு வந்தபோது மகனுக்கு ஒரு பிளேஸ்டேஷன் 4 (பிஎஸ் 4) கேம் மெஷின் கொண்டுவந்தார். இப்போது அதைப் போட்டால் நெல் தூற்றும் மெஷின் மாதிரிச் சத்தம். ஒரு கேம் திறப்பதற்குள் நான் ரீ போட்டுக் குடித்து முடித்துவிடுகிறேன். சில நேரம் சூடு கூடிவிட்டது என்று ரிவியில் எழுத்துக் காட்டி நின்றும் விடுகிறது. சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்த மகன் பிஎஸ் 5 தான் வேண்டும் என்று நிற்கிறான். தம்பி, "அக்கா, இங்கே பிஎஸ் 4 புரோ ஒன்று செக்கன்ட் ஹேண்டில் மலிவாக இருக்கு, அனுப்பட்டோ?" என்கிறார். இருப்பதைத் திருத்தினால் போதும் என்பது என் வீட்டுக்காரரின் கட்சி. யார் சொல்வதைக் கேட்பது?
*(ஒரு தாய், புதுக்குடியிருப்பு)*

பதில்: தங்கச்சி, இப்போதைக்கு உங்கள் வீட்டுக்காரர் சொல்வதைக் கேளுங்கள். மகன் கேட்பதும் பிழையில்லை, அதை அடுத்த வருடம் பார்க்கலாம். தம்பியின் யோசனையை மட்டும் அன்பாக மறுத்துவிடுங்கள்.

முதலில் தம்பியின் கதையை முடித்துவிடுகிறேன். பிஎஸ் 4 வெளிவந்தது 2013 நவம்பரில். யாழ்தேவி திரும்பவும் கிளிநொச்சி வரை ஓடத் தொடங்கியதும் அதே வருடம்தான், அதனால் எனக்கு அந்த வருடம் மறப்பதில்லை. புரோ வந்தது 2016இல். அது புதுத் தலைமுறை மெஷின் இல்லை, அதே பிஎஸ் 4தான், கொஞ்சம் கூடப் பலம். புரோவில் ஓடும் கேம் எல்லாம் உங்கள் வீட்டில் இருப்பதிலும் ஓடும். புரோவின் பெருமை 4கே என்கிற கூடுதல் தெளிவான படம். உங்கள் ரிவி 4கே இல்லையென்றால் அந்தப் பெருமையில் பெரும்பகுதி வீண். அதோடு செக்கன்ட் ஹேண்ட் புரோவும் உங்களுடையதைப் போல வயதானது, சூடும் சத்தமும் அதற்கும் குறைவில்லை. ஒரு கிழவரைக் கூட்டிக்கொண்டு போய் இன்னொரு கிழவரை அழைத்து வருகிற வேலை அது.

இனி உங்கள் மெஷின். சத்தம் ஒரு வருத்தம், கேம் திறக்கச் சுணங்குவது வேறொரு வருத்தம். இரண்டையும் சேர்த்து "பழசாகிவிட்டது" என்று சொல்லிவிடுகிறோம்.

சத்தத்துக்கும் சூட்டுக்கும் காரணம் தூசி. பிஎஸ் 4 பக்கவாட்டு இடுக்குகளால் காற்றை இழுத்துப் பின்பக்கத்தால் சூட்டைத் தள்ளும். நம் பக்கத்துச் செம்மண் புழுதி, தகரக் கூரை வெக்கை, மெஷினைக் கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டி மேலே லேஸ் துணியும் விரிக்கிற நம் பழக்கம், இவ்வளவும் சேர்ந்தால் எந்த ஃபேன்தான் கத்தாது? எங்கள் கடைக்கு வருகிற மெஷின்களுக்குள் தூசியோடு எறும்புக் கூட்டமும் பல்லி முட்டையும் இருப்பது வழமை. உள்ளே இருக்கும் சிப்புக்கும் சூட்டை வாங்கும் உலோகப் பாகத்துக்கும் நடுவில் பூசிய பேஸ்ட் வருடக்கணக்கில் காய்ந்து போயிருக்கும். துப்பரவாக்கிப் புதுப் பேஸ்ட் பூசினால் சத்தம் பெருமளவு அடங்கும். புது மெஷின் விலையோடு பார்த்தால் இது சின்னச் செலவு.

ஒன்று சொல்கிறேன், மகனைக் கொண்டு சைக்கிள் கடைக் கொம்பிறசரில் காற்றடிக்க வைக்காதீர்கள். அந்தக் காற்றில் தண்ணீர்த் துளி வரும். ஃபேனைப் பிடிக்காமல் அடித்தால் அது கண்டபடி சுழன்று பழுதாகவும் கூடும். நடுவில் குழியுள்ள நட்சத்திரத் தலை ஆணிகளைக் கழற்றுகிற சாவி வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுங்கள். அந்தச் சாவி இல்லாமல் கத்தி முனையால் நெம்புகிறவரிடம் வேண்டாம்.

சுணக்கத்துக்குக் காரணம் கேம்களைச் சேமித்து வைக்கும் ஹார்ட் டிஸ்க். அதற்குக் காசு செலவழிக்க முன் ஒரு இலவச வைத்தியம் செய்து பாருங்கள். மெஷினை முற்றாக நிறுத்தி, பவர் பொத்தானை இரண்டாவது பீப் சத்தம் கேட்கும் வரை அழுத்திப் பிடித்தால் சேஃப் மோட் வரும். கன்ட்ரோலரை யூஎஸ்பி வயரால் இணைத்து, ஐந்தாவதாக இருக்கும் ரீபில்ட் டேட்டாபேஸ் என்பதைத் தெரிவு செய்யுங்கள். கரண்ட் திடீர் திடீரென்று போகும் வீடுகளில் டிஸ்க்கில் உள்ள பட்டியல் குழம்பிப் போயிருக்கும், இது அதை ஒழுங்குபடுத்தும். கேம்களை அழிக்காது. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன காலத்தில், இதை மட்டும் செய்து நிறையப் பேரைக் காசு வாங்காமல் திருப்பி அனுப்பினேன்.

அதற்கும் சரிவரவில்லை என்றால் ஹார்ட் டிஸ்க்கை விட வேகமான எஸ்எஸ்டி என்கிற சேமிப்புக் கருவி போடலாம். மெஷினைத் திறந்து உள் டிஸ்க்கையே மாற்றுவது ஒரு வழி. அதற்கு மென்பொருளை முழுதாக இறக்க வேண்டும், அது ஒரு ஜிபிக்கு மேல். நான் உங்களுக்குச் சொல்வது வெளியே யூஎஸ்பியில் கொழுவுகிற எஸ்எஸ்டி. 2017 மார்ச்சில் வந்த 4.50 மென்பொருளிலிருந்து பிஎஸ் 4 அதை ஏற்கிறது. குறைந்தது 250 ஜிபியாக, யூஎஸ்பி 3 ஆக இருந்தால் போதும். படம் அழகாகிவிடாது, காத்திருக்கும் நேரம்தான் குறையும். இதில் எனக்குப் பிடித்த விஷயம், நாளைக்கு பிஎஸ் 5 வந்தாலும் அதே எஸ்எஸ்டியைக் கழற்றி அதில் கொழுவலாம். அதில் உள்ள பிஎஸ் 4 கேம்கள் அப்படியே ஓடும். இன்று போடும் காசு நாளைக்கும் உதவுகிறது.

எங்கே நிறுத்துவது என்றும் சொல்ல வேண்டும். பற்றரி வன்னிக்குள் வரத் தடையாயிருந்த காலத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டவர்கள் நாங்கள். அதனால் எதையும் திருத்தலாம் என்ற ஒரு தடிப்பு எங்களுக்கு உண்டு. மதர்போர்ட்டில் அந்தத் தடிப்பு செல்லாது. துப்பரவாக்கிப் பேஸ்ட் பூசிய பிறகும் தானாக நிற்கிறதென்றால், சிப்புக்குச் சூட்டுக் காற்று அடித்துச் சரியாக்கித் தருகிறேன் என்பவருக்குக் காசு கொடுக்காதீர்கள். அந்த வேலை அதிக நாள் தாங்காது. எச்டிஎம்ஐ சொக்கெட் உடைந்தது, கேம் டிஸ்க் உள்ளே போகாதது எல்லாம் திருத்தக் கூடியவை.

மகனிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்தக் கேமுக்காக பிஎஸ் 5?" கிரிக்கெட், கால்பந்து என்றால் அவசரமில்லை. 2025இல் வந்த எஃப்சி 26 என்கிற கால்பந்துக் கேம் கூட பிஎஸ் 4க்கும் வந்தது. ஜிடிஏ 6 என்று சொன்னால் அவன் பக்கம் நியாயம் உண்டு, அது பிஎஸ் 4க்கு அறிவிக்கப்படவே இல்லை. ஆனால் அந்த வரிசைக் கேம்கள் வளர்ந்தவர்களுக்கானவை. அதைப் பற்றி வீட்டில் நீங்கள் பேசிக்கொள்ளுங்கள், எனக்கு வேண்டாம் அந்த வம்பு.

விலை இறங்கட்டும் என்று காத்திருப்பதிலும் பயனில்லை. முன்பெல்லாம் கேம் மெஷின்கள் வயதாக வயதாக மலியும். 2020இல் அமெரிக்காவில் 499 டொலருக்கு வந்த பிஎஸ் 5, 2025 ஓகஸ்டில் 549 ஆனது. ஆகவே தம்பி காசு செலவழிக்கத்தான் போகிறார் என்றால் புரோவுக்குக் கொடுக்கும் காசை பிஎஸ் 5க்கு முதற்பணமாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஐயா, தெரிந்த ஒருவர் பாவித்த பிஎஸ் 5 டிஜிட்டல் ஒன்றை டிஸ்க் போடும் மாடலை விடக் குறைத்துத் தருகிறேன் என்கிறார். என்னிடம் பிஎஸ் 4 டிஸ்க்குகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. வாங்கலாமா?
*(ஒரு இளைஞர், வவுனியா)*

பதில்: வேண்டாம் தம்பி. பிஎஸ் 5இல் பிஎஸ் 4 டிஸ்க்குகள் கிட்டத்தட்ட எல்லாம் ஓடும், ஆனால் டிஸ்க் போட வாய் இருக்க வேண்டுமே! டிஜிட்டலை வாங்கினால் உங்கள் பெட்டி அலங்காரப் பொருளாகிவிடும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. டிஜிட்டலுக்குக் கேமை பிளேஸ்டேஷன் கணக்கு வழியாக இன்டர்நெட்டில்தான் வாங்கி இறக்க வேண்டும். பிளேஸ்டேஷன் கணக்குத் திறக்கும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. இங்கே எல்லோரும் வேறொரு நாட்டுக் கணக்கில்தான் காலத்தை ஓட்டுகிறார்கள். அப்படி வாங்கிய கேமை விற்கவும் முடியாது, கூட்டாளிக்கு இரண்டு நாள் இரவல் கொடுக்கவும் முடியாது. 80, 100 ஜிபி கேமைப் போன் டேட்டாவில் இறக்குகிற செலவை நான் சொல்லத் தேவையில்லை. டிஸ்க் என்றால் ஒன்றை நாலு வீட்டில் மாற்றி மாற்றி விளையாடலாம்.

அவர் தருவது 2023 நவம்பருக்குப் பிறகு வந்த மெலிந்த டிஜிட்டல் மாடல் என்றால் மட்டும் கணக்கு மாறும். அதற்கு டிஸ்க் றைவைத் தனியாக வாங்கிப் பூட்டலாம். முதல் தடவை இன்டர்நெட் வேண்டும், போன் ஹொட்ஸ்பொட் போதும். மெஷின் விலையோடு றைவின் விலையையும் கூட்டிப் பார்த்த பிறகு பேரம் பேசுங்கள். 2020இல் வந்த தடித்த டிஜிட்டலுக்கு றைவ் பூட்டவே முடியாது.

கேள்வி: அப்பாவின் தம்பி அமெரிக்காவிலிருந்து முன்பு கொண்டுவந்த பிஎஸ் 2 ஒன்று பெட்டியோடு கிடக்கிறது. ஒருநாளும் போட்டுப் பார்க்கவில்லை. போடலாமா?
*(பாடசாலை மாணவி, மல்லாவி)*

பதில்: பிள்ளை, பிளக்கில் கை வைக்க முன் மெஷினின் பின்பக்கத்து ஸ்டிக்கரைப் படியுங்கள். அமெரிக்காவில் விற்ற தடித்த பிஎஸ் 2 வெறும் 120 வோல்ட்டுக்கானது. நம் வீட்டுக் கரண்ட் 230. நேரடியாகச் சொருகினால் அன்றோடு அதன் கதை முடிந்தது. வோல்ட்டைக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் வைத்துத்தான் போட வேண்டும். புதுக்குடியிருப்புத் தங்கச்சியும் இதைக் கவனியுங்கள். கனடாவிலிருந்து எது வந்தாலும் ஸ்டிக்கரில் 100–240 என்று இருந்தால் பயமில்லை, இங்கே கிடைக்கும் வயரைப் போடலாம். 120 மட்டும் இருந்தால் ஒருவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

அமெரிக்க பிஎஸ் 2 அந்த நாட்டு டிஸ்க்குகளைத்தான் வாசிக்கும். உங்கள் ரிவியில் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் சொக்கெட் மூன்றும் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் எச்டிஎம்ஐக்கு மாற்றும் சின்னப் பெட்டி ஒன்று வேண்டும், அது பெரிய விலையில்லை.