டிராக்டரில் நசுங்கிய கால்: தோட்டத்தின் மீது கேஸ் போடலாமா?

கேள்வி: என் கணவர் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பதினாறு வருஷமாகப் பழம் ஏற்றுகிறார். முன்பு தோட்டத்து ஆள், இப்போது காண்ட்ராக்டரிடம். இரண்டு மாதம் முன்பு டிராக்டர் பின்னால் வந்து, டிரெய்லருக்கும் மரத்துக்கும் நடுவில் அவர் வலது கால் நசுங்கிவிட்டது. உள்ளே இரும்புத் தகடு வைத்திருக்கிறார்கள். மேனேஜர் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. அந்த டிராக்டரில் பிரேக் சரியில்லை என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்கள், யாரும் கேட்கவில்லை. இப்போது காண்ட்ராக்டர் 5,000 ரிங்கிட் தருகிறேன், ஒரு தாளில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார். டவுனில் ஒருவர், தோட்டத்தின் மீது கேஸ் போட்டால் லட்சக்கணக்கில் வரும், எனக்கு முப்பது பெர்சன்ட் கொடுத்தால் போதும், லாயரை நானே பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். கேஸ் போடலாமா? இன்னொன்று, அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்), வீட்டில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தார் என்று எழுதச் சொல்லிவிட்டார். அதனால் ஏதும் பிரச்சினை வருமா?

பதில்: சகோதரி, நீங்கள் கடைசியில் "இன்னொன்று" என்று போகிற போக்கில் எழுதியதுதான் உங்கள் கேஸ். மேனேஜர் வந்து பார்க்காதது, பதினாறு வருஷ உழைப்பு, பிரேக் பற்றி யார் யாரிடம் சொன்னார்கள் என்பதெல்லாம் உண்மையாகவே இருக்கும், வேதனைதான், ஆனால் அவற்றால் உங்களுக்கு ஒரு காசும் வரப்போவதில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கணவர் சொக்சோ, அதாவது மலேசியத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் சட்டத்தின் கீழ் வரும் தொழிலாளி. அந்தச் சட்டம் 1969-இல் வந்தது, அதில் பிரிவு 31 என்று ஒன்று இருக்கிறது. வேலையில் அடிபட்ட தொழிலாளி தன் முதலாளி மீதோ, முதலாளியின் இன்னொரு வேலையாள் மீதோ நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட முடியாது என்பது அதன் சாரம். முதலாளியின் கவனக்குறைவு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி. சொக்சோ பணம் கொடுக்கும், அதற்குப் பதிலாக முதலாளிக்கு வழக்கிலிருந்து விடுதலை, ஏற்பாடு அப்படி. டிராக்டரை ஓட்டியவரும் அதே காண்ட்ராக்டரின் ஆள் என்றால் அவர் மீதும் போக முடியாது. தோட்டம் எங்கள் முதலாளி இல்லையே, காண்ட்ராக்டர்தானே என்று நீங்கள் கேட்கலாம். தோட்டத்துக்குள், தோட்டத்தின் வழக்கமான வேலையைக் காண்ட்ராக்டர் வழியாகச் செய்கிறவருக்கு அந்தச் சட்டம் காண்ட்ராக்டரை நேரடி முதலாளி என்றும் தோட்டத்தை முதன்மை முதலாளி என்றும் வைத்துப் பார்க்கிறது. ஆகவே தோட்டத்தின் வக்கீல் முதல் நாளே பிரிவு 31-ஐத் தூக்கிப் போடுவார், பழம் ஏற்றுகிற வேலையில் அந்த வாதம் வலுவானதுதான். வண்டியும் டிரைவரும் வெளியிலிருந்து வந்த வேறு போக்குவரத்துக் கம்பெனியுடையது என்றால் கதை வேறு, அப்போது கேஸ் போட இடமுண்டு, ஆறு வருஷக் கெடுவும் உண்டு, தனியாக எழுதுங்கள்.

காண்ட்ராக்டர் சொக்சோ கட்டவே இல்லை, சம்பளச் சீட்டும் கிடையாது என்று அடுத்து எழுதுவீர்கள். பரவாயில்லை. சந்தா கட்டியிருந்தார்களா என்பதல்ல, சந்தா கட்டப்பட வேண்டிய ஆளாக அவர் இருந்தாரா என்பதைத்தான் சட்டம் பார்க்கிறது. கட்டாத காண்ட்ராக்டரிடம் வசூலிப்பது சொக்சோவின் தலைவலி. காண்ட்ராக்டர் மனுவில் ஒத்துழைக்காவிட்டால் நீங்களே கவுன்ட்டரில் போய்க் கொடுக்கலாம், என்னென்ன தாள் வேண்டும் என்பதை அங்கேயே சொல்வார்கள், அதை நான் இங்கே எழுதி இடத்தை அடைக்கவில்லை.

ஆகவே கேட்க வேண்டியது இரண்டே கேள்வி. அவர் யாருடைய தொழிலாளி? அடிபட்டது வேலையின்போது, வேலையால்தானா? இந்த இரண்டுக்கும் பதிலைக் கெடுக்கிற வேலைதான் இப்போது உங்களைச் சுற்றி மூன்று பக்கமும் நடக்கிறது, அதுவும் உதவி என்ற பெயரில்.

முதலில் மண்டோர். விபத்துத் தோட்டத்தில் நடந்தது என்று பதிவானால் முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குச் சொல்ல வேண்டும், வேலையிடப் பாதுகாப்புத் துறையான ஜேகேகேபி வேறு வந்து டிராக்டரைச் சோதிக்கும். அதனால் வீட்டில் விழுந்தார் என்கிறார்கள். அந்த நேரத்தில் காலைப் பிடித்துக்கொண்டு கத்துகிற ஆளுக்கு என்ன எழுதுகிறார்கள் என்று பார்க்கத் தோன்றுமா, தோன்றாது. ஆனால் சொக்சோ அதிகாரி முதலில் கையில் எடுப்பது அந்த ஆஸ்பத்திரிக் குறிப்பைத்தான். பிறகு நீங்கள் என்ன சொன்னாலும், பணத்துக்காகக் கதையை மாற்றுகிறார்கள் என்ற சந்தேகம் ஒட்டிக்கொள்ளும். நல்ல கேஸ்கள் இந்த ஒரு வரியில் மாட்டிக்கொண்டு கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். சரிசெய்ய வழி இருக்கிறது, தாமதிக்காமல் செய்ய வேண்டும். கணவரே போய், நீங்கள் அல்ல, போலீஸ் ரிப்போர்ட் கொடுக்கட்டும். நடந்தது என்ன, ஆஸ்பத்திரியில் தவறான விவரத்தைச் சொன்னது யார், இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை, மூன்றும் அதில் இருக்க வேண்டும். பயத்தினால் சொல்லவில்லை என்றால் பயத்தினால் என்றே சொல்லட்டும். தேதியை முன்னே பின்னே தள்ளிச் சாமர்த்தியம் காட்ட வேண்டாம். கூட நின்றவர்கள் இருவராவது தங்கள் பெயர், அடையாள அட்டை எண் போட்டு எழுதிக் கொடுத்தால் நல்லது. காண்ட்ராக்டரின் வாட்ஸ்அப் செய்திகள், பழ எடைச் சீட்டு, பேங்கில் சம்பளம் விழுந்த தாள், கிடைக்கிற எல்லாவற்றையும் இப்போதே படம் எடுத்து வையுங்கள், போன் தொலைந்தது என்று பிறகு அழுவதில் பயனில்லை. அப்புறம் ஒன்று, டிராக்டர் பட்டு நசுங்கிய காலும் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து உடைந்த காலும் எலும்பு டாக்டருக்கு ஒரே மாதிரி தெரியாது, மருத்துவ அறிக்கை கேட்கும்போது காயத்தின் தன்மையை விவரமாக எழுதும்படி கேளுங்கள்.

இரண்டாவது காண்ட்ராக்டரின் தாள். இதில் பலரும் தப்பான இடத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். "இனிமேல் எந்த உரிமையும் கேட்க மாட்டேன்" என்ற வரியைக் கண்டுதான் நடுங்குகிறார்கள். அந்த வரியால் சொக்சோ பலன் போய்விடாது, அந்தப் பலனை யாருக்கும் விட்டுக்கொடுத்து எழுத முடியாது. ஆபத்து அதற்கு மேலே இருக்கும் வரிகளில். "நான் சொந்தத் தொழில் செய்பவன்", "அன்று எனக்கு வேலை இல்லை", "மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தேன்". இப்படி ஒன்றில் உங்கள் கணவர் கையெழுத்துப் போட்டால் அது அவர் வாயாலேயே அவர் கேஸை முடிப்பது. சொந்தத் தொழில்காரர்களுக்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தனியாக இருக்கிறது, அதில் அவரவர் பதிந்து அவரவர் சந்தா கட்ட வேண்டும், உங்கள் கணவர் கட்டியிருக்கப் போவதில்லை.

மூன்றாவது அந்த முப்பது பெர்சன்ட் ஆள். இவரைக் கண்டுதான் நான் ரொம்பப் பயப்படுகிறேன். பிரிவு 31 அவருக்கும் தெரியும். அதைத் தாண்ட ஒரே வழி, உங்கள் கணவர் தோட்டத்துக்கும் காண்ட்ராக்டருக்கும் தொழிலாளியே இல்லை என்று வழக்கு மனுவில் எழுதுவது. எழுதியதும் என்ன ஆகும்? தோட்டம் வந்து, இல்லை இல்லை, அவர் தொழிலாளிதான், சொக்சோவில் போய்க் கேட்கட்டும் என்று சொல்லும். சொக்சோவோ, நீங்களே கோர்ட்டில் தொழிலாளி இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே என்று கேட்கும். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால். வழக்கு இழுத்துக்கொண்டே போகும், நிரந்தர முடக்கத்துக்கு ஜேமா டாக்டர் என்கிற சொக்சோ மருத்துவக் குழுவிடம் அனுப்பும்படி கேட்கும் கெடு, அதாவது மருத்துவ விடுப்பு நாட்களுக்கான தற்காலிகப் பலன் முடிந்த நாளிலிருந்து 12 மாதம், அதற்குள் சத்தமில்லாமல் முடிந்துவிடும். கடைசியில் கோர்ட்டில் தோற்றுச் செலவுத் தொகையும் கட்டி, சொக்சோவிலும் கதவு மூடிய குடும்பங்கள் உண்டு. ஜெயிக்கிற பணத்தில் பங்கு என்று பேசிக்கொண்டு வழக்கு நடத்துவது 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டப்படி வக்கீலுக்குத் தடை, ஆகவே அந்த ஆள் கூட்டிவரும் வக்கீல் எப்படிப்பட்டவர் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். சொக்சோ மனுவுக்கு ஆளே வேண்டாம், கட்டணமும் கிடையாது. வெள்ளைத் தாளிலோ, படித்துக் காட்டாத வக்காலத்துப் பத்திரத்திலோ ஏற்கெனவே கைநாட்டு வைத்திருந்தால், இன்றைக்கே எழுத்தில் ரத்து செய்து ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொகையைப் பற்றியும் ஒரு வார்த்தை, லட்சக் கனவு கலைய வேண்டுமே. எம்.சி. என்கிற மருத்துவ விடுப்பு நாட்களுக்குக் கணக்கிட்ட நாள் கூலியில் 80 விழுக்காடு, எம்.சி. குறைந்தது நான்கு நாளாவது இருக்க வேண்டும், அவருக்கு மாதக்கணக்கில் இருக்கும். காலில் நிரந்தரக் குறை நின்றுவிட்டால் மருத்துவக் குழு விழுக்காடு போடும். 20 வரை என்றால் மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம், அதற்கு மேல் என்றால் ஐந்தில் ஒரு பங்கை மொத்தமாகவும் மீதியை ஆயுள் முழுக்க மாதாமாதமும் பெறலாம். பெரிய பணம் இல்லைதான். ஆனால் யார் தப்பு என்று நிரூபிக்காமலே வருகிற பணம்.

குழு போடும் விழுக்காடு குறைவு என்று தோன்றினால் மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது, வக்கீல் தேவைப்படுகிற இடம் அதுதான், அல்லது சொக்சோ மனுவையே நிராகரித்தால். அப்போது ஈப்போவில் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தைக் கேளுங்கள். இதற்கிடையில் காண்ட்ராக்டர் வேலையை விட்டு நிறுத்திவிட்டால் அது தனி விஷயம், தொழில் உறவுத் துறையில் 60 நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும், 61-ஆவது நாள் போனால் யாரும் கேட்க மாட்டார்கள்.

அந்த 5,000 ரிங்கிட்டை வாங்கலாமா? வாங்குங்கள். ரோஷம் பார்க்க வேண்டாம், மேனேஜர் மன்னிப்புக் கேட்கும்வரை தொடமாட்டேன் என்று உட்கார்ந்தால் அவருக்கு ஒன்றும் ஆகாது. தாளை மட்டும் நீங்கள் எழுதுங்கள், அவர் எழுதியதில் போட வேண்டாம். இப்படி இருக்கட்டும்: "இன்ன தேதி, இன்ன தோட்டத்தில் எனக்காகப் பழம் ஏற்றும் வேலையில் டிராக்டர் இடித்துக் காயமடைந்த என் தொழிலாளிக்கு உதவித் தொகையாக 5,000 ரிங்கிட் கொடுத்தேன்." கீழே காண்ட்ராக்டர் கையெழுத்து, பணம் பேங்கில். அவர் போட்டுவிட்டால் யாருடைய தொழிலாளி, எங்கே அடிபட்டார் என்ற இரண்டுக்குமே உங்கள் கையில் சான்று வந்துவிட்டது. போட மறுத்தால் பணத்தை அவரே வைத்துக்கொள்ளட்டும், நீங்கள் சொக்சோ ஆபீசுக்குக் கிளம்புங்கள்.