மலை நகரத் தெருக்களில் பார்வையற்றவர் தனியே நடக்க எந்தக் கருவி உதவும்?

உதகையில் வேலைக்குச் சேரவிருக்கும் பார்வையற்ற உங்கள் தம்பி, வெள்ளைக்கோலை விட்டுவிட்டுக் கைப்பேசிச் செயலியை மட்டும் நம்பி நடக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது என்பதே என் கருத்து.

கோலின் நுனி பள்ளத்தையும் படியின் விளிம்பையும் உடனே காட்டிவிடும். ஆனால் முழங்காலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் எதையும், உதாரணமாகக் கமர்ஷியல் சாலைக் கடைவாசலில் தார்ப்பாயைத் தாங்கும் கம்பியை, நெற்றியில் இடிக்கும் வரை அது அறியாது. இக்குறையைப் போக்கவே டெல்லி ஐஐடியில் உருவான ஸ்மார்ட்கேன் 2014-இல் வெளிவந்தது. வெள்ளைக்கோலின் கைப்பிடியாகப் பொருந்தும் இக்கருவி, மனிதக் காதுக்குக் கேட்காத மீயொலியை அனுப்பி, அது தடையில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு 3 மீட்டருக்குள் இருப்பதைக் கணித்து, தூரத்துக்கேற்ப மாறும் அதிர்வாக உள்ளங்கைக்கு உணர்த்துகிறது. கேமராவை நம்பும் செயலிகள் மூடுபனியில் திணறும். மீயொலிக்கு அத்தொல்லை குறைவு என்பது மலையூருக்கு வசதி. பள்ளத்தை மட்டும் ஸ்மார்ட்கேனின் மீயொலி காட்டாது, அதற்குக் கோலின் நுனியேதான் வேண்டும்.

ஜிபிஎஸ் விஷயத்தில் கூடுதல் எச்சரிக்கை தேவை. திறந்த வானத்தின் கீழேயே கைப்பேசி ஏறத்தாழ 5 மீட்டர் பிசகக்கூடும். குன்னூரைப் போலத் தெருவுக்கு மேல் தெரு அடுக்கடுக்காக ஓடும் இடத்தில், மேல்சாலையில் நிற்பவரைக் கீழ்ச்சாலையில் நிற்பதாக அது சொல்லிவிடலாம். பேருந்தில் வரும்போது இறங்குமிடம் நெருங்குவதை அறிய மட்டும் ஜிபிஎஸ் போதும்; ஆண்ட்ராய்டு கைப்பேசியின் திரையில் உள்ளதை வாசித்துக்காட்டும் டாக்பேக்கைத் தமிழில் பேசவைத்து, வரைபடச் செயலியோடு பயன்படுத்தலாம். காதை முழுவதும் அடைக்கும் ஹெட்போன் மட்டும் வேண்டவே வேண்டாம். வளைவில் வரும் வண்டியின் ஹாரன் கேட்டாக வேண்டும்.