சிறு கல்லூரியின் விளையாட்டு அணியும் கணக்குப் புத்தகமும்

அன்புத் தங்கைக்கு,

ஒஹாயோவின் கொலம்பஸ் நகருக்கு வந்து ஓராண்டு ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும் மகனை, இரண்டு மணி நேரத் தொலைவில் உள்ள ஒரு சிறு கல்லூரியின் டென்னிஸ் பயிற்சியாளர் வாரம் தவறாமல் போனில் அழைக்கிறார். கட்டணத்தில் பாதிக்கு மேல் தள்ளுபடி தருகிறார்களாம். "கொரோனா சமயத்தில் இந்த மாதிரிக் கல்லூரிகள் மூடினவே, நம்பி அனுப்பலாமா அக்கா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒஹாயோவில் அப்படிப்பட்ட ஒரு கல்லூரியின் கணக்கு அலுவலகத்தில்தான் பதினேழு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ஆயிரத்துச் சொச்சம் மாணவர்கள், சுற்றிலும் சோளக்காடு. 2020-ஐ அந்த மேசையில் உட்கார்ந்து கடந்தவள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் ஊரில் கல்லூரி விளையாட்டு என்றால் செலவுக் கணக்கு. நன்றாக ஆடுகிறவனுக்கு ஓர் இடம், ஒரு கட்டணச் சலுகை, அவ்வளவுதான். இங்கே சிறு கல்லூரிகளில் அது வரவுக் கணக்கு. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் மூன்றாம் பிரிவில் இருக்கும் எங்களைப் போன்ற கல்லூரிகள் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கொடுக்கக் கூடாது. உங்கள் மகனுக்குச் சொல்லப்பட்ட தள்ளுபடி மதிப்பெண் அடிப்படையில் கொடுப்பது. பாதித் தள்ளுபடி என்பது இன்று தனியார் கல்லூரிகளில் ஏறக்குறைய எல்லாருக்கும் கிடைப்பது. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தள்ளுபடி போக ஒரு மாணவர் கல்விக்கும் விடுதிக்கும் சாப்பாட்டுக்குமாக 29,000 டாலர் கட்டுகிறார் என்றால், முப்பது பேர் கொண்ட கால்பந்து அணி 8,70,000 டாலர் கொண்டுவருகிறது. பயிற்சியாளர் சம்பளம், பஸ், சீருடை, பந்து எல்லாம் சேர்ந்தாலும் அதில் சிறு பகுதிதான். அந்தப் பிள்ளைகளில் பலர் அணி இல்லையென்றால் அந்தக் கல்லூரியின் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். மிச்சிகனில் ஏட்ரியன் கல்லூரி இந்த வழியில்தான், அணிகளைக் கூட்டிக் கூட்டி, தேய்ந்துபோயிருந்த மாணவர் எண்ணிக்கையை மீட்டது. அதைப் பார்த்துப் பலரும் பின்பற்றினார்கள்.

ஆகவே பயிற்சியாளர் உங்கள் மகனை அழைப்பது அவன் ஆட்டத்துக்காக மட்டும் அல்ல. இத்தனை பேரைச் சேர்த்துக்கொண்டு வரவேண்டும் என்று அவருக்கு ஓர் எண்ணிக்கை கொடுத்திருப்பார்கள். இதில் மோசடி ஒன்றும் இல்லை. நான் பார்த்த பயிற்சியாளர்களில் பெரும்பாலானவர்கள் பிள்ளைகள்மீது உண்மையான அக்கறை உள்ளவர்கள். ஆனால் அந்தப் போனுக்குப் பின்னால் ஒரு பட்ஜெட் இருக்கிறது என்பதை நீங்கள் தெரிந்துகொண்டு பேச வேண்டும்.

இப்போது 2020. மார்ச் 12 அன்று மீதமிருந்த குளிர்கால, வசந்தகாலச் சாம்பியன்ஷிப் போட்டிகளை என்.சி.ஏ.ஏ. ரத்து செய்தது. எங்கள் சாஃப்ட்பால் பெண்கள் அப்போது ஃபுளோரிடாவில் ஆடிக்கொண்டிருந்தார்கள். இரவோடு இரவாகப் பஸ்ஸில் திரும்பினார்கள். சில நாள் கழித்து, நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி சீருடையைத் திருப்பிக் கொடுக்க என் அலுவலகத்துக்கு வந்தாள். பொருள்களைப் பெறும் அறையைப் பூட்டிவிட்டார்கள், நான் மட்டும்தான் இருந்தேன். முழங்காலில் செம்மண் அப்பியிருந்த வெள்ளைக் கால்சட்டை. துவைக்கவில்லை. மடித்து என் மேசையில் வைத்துவிட்டு, அதன்மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றாள். "எடுத்துக்கொண்டு போம்மா, நான் எழுதிக்கொள்கிறேன்" என்றேன். பட்டியலில் அந்த எண்ணுக்கு எதிரே 'தொலைந்தது' என்று எழுதினேன். என் பணிக்காலத்தில் தெரிந்தே எழுதிய தப்புக் கணக்கு அது ஒன்றுதான்.

அவளைப் போன்றவர்களுக்கு இன்னொரு பருவம் ஆட அனுமதி உண்டு என்று அந்த மாதமே அறிவித்தார்கள். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் இன்னொரு பருவம் ஆட வேண்டுமானால் இன்னொரு பருவக் கட்டணமும் கட்ட வேண்டும். அவள் வரவில்லை.

பிறகு விடுதிப் பணத்தையும் சாப்பாட்டுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தோம். மாணவர் கட்டணத்தையே நம்பி வாழும் இடத்தில் அது எவ்வளவு பெரிய ஓட்டை என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. எங்கள் ஓய்வூதியக் கணக்கில் கல்லூரி போட்டுவந்த பங்கை நிறுத்தினார்கள், சம்பளத்தில் ஒரு பகுதியைப் பிடித்தார்கள். ஆகஸ்டில் பயிற்சியாளர்கள் என் அறைக்கு வந்து, இடத்தை உறுதிசெய்ய டெபாசிட் கட்டியவர்களின் பெயர்களைப் பென்சிலால் டிக் செய்துகொண்டே போவார்கள். போட்டி நடக்குமா என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் பிள்ளைகள் வளாகத்துக்கு வந்தே ஆக வேண்டும். வராவிட்டால் செப்டம்பர் மாதச் சம்பளம் இல்லை.

பெரிய பல்கலைக்கழகங்களின் நிலை வேறு. அவர்களுக்குத் தொலைக்காட்சிப் பணம் போயிற்று. முதல் பிரிவுக் கல்லூரிகளுக்கு அந்த ஆண்டு பிரித்துக் கொடுக்க வேண்டிய 60 கோடி டாலரை என்.சி.ஏ.ஏ. 22.5 கோடியாகக் குறைத்தது. அவர்கள் செலவைக் குறைக்க அணிகளை வெட்டினார்கள். ஸ்டான்ஃபோர்டு 2020 ஜூலையில் 11 விளையாட்டுகளை நிறுத்தப்போவதாக அறிவித்து, எதிர்ப்பு வலுத்ததும் 2021 மே மாதம் முடிவைத் திரும்பப் பெற்றது. எங்களைப் போன்றவர்களால் அப்படி வெட்டவும் முடியாது. ஓர் அணியை நிறுத்தினால் அதை நம்பி வந்த முப்பது பேரும் போய்விடுவார்கள்.

தாங்க முடியாதவை மூடின. இல்லினாயில் 1846-இல் தொடங்கிய மக்மரே கல்லூரி, 2020 மார்ச் கடைசியில் அறிவித்து மே மாதத்தோடு கதவைச் சாத்தியது. உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய அர்பானா பல்கலைக்கழகம் அதே வசந்தத்தில் முடிந்தது. மாசசூசெட்ஸின் பெக்கர் கல்லூரி 2021-இல். 1865-இல் பிறந்த லிங்கன் கல்லூரி, கொரோனாவோடு ஒரு கணினித் தாக்குதலும் சேர்ந்துகொள்ள, 2022 மே மாதம் போயிற்று. இவை எதுவும் கொரோனாவால் மட்டும் விழவில்லை. கூரை முன்பே ஒழுகிக்கொண்டிருந்தது, அந்த ஆண்டு மழை பெருமழையாகிவிட்டது.

இன்னும் நிறைய மூடியிருக்க வேண்டும். காப்பாற்றியது மத்திய அரசின் பணம். மூன்று சட்டங்கள் வழியாக உயர்கல்விக்குச் சுமார் 7,600 கோடி டாலர் வந்தது. ஐந்நூறு பேருக்குக் குறைவான ஊழியர்கள் உள்ள கல்லூரிகளுக்குத் திருப்பிக் கட்டத் தேவையில்லாத சம்பளக் கடனும் கிடைத்தது. ஆனால் அது ஒருமுறை வந்த பணம். பல கல்லூரிகளின் நோய் அதனால் தீரவில்லை, காய்ச்சல் மட்டும் சில ஆண்டுக்குத் தணிந்தது. 2024-இல் கிளீவ்லாந்து பக்கத்தில் இருந்த நோட்டர்டேம் கல்லூரி மூடியது. அதே ஆண்டு அலபாமாவின் பர்மிங்ஹாம்-சதர்ன் கல்லூரி அதிகாரபூர்வமாக மூடிய மே 31 அன்று, அதன் பேஸ்பால் அணி நம் ஒஹாயோவின் ஈஸ்ட்லேக்கில் தேசிய இறுதிச் சுற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கல்லூரி இல்லாத அணி. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு அந்தச் செம்மண் கால்சட்டைதான் நினைவுக்கு வந்தது.

பயமுறுத்துவதற்காக இதையெல்லாம் எழுதவில்லை. எங்கள் கல்லூரியில் பேராசிரியருக்கு ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் தெரியும். ஒருவன் இரண்டு நாள் வகுப்புக்கு வராவிட்டால் மூன்றாம் நாள் யாராவது அறைக் கதவைத் தட்டுவார்கள். ஊர் புதிது, பழக்கம் புதிது என்று வரும் நம் பிள்ளைகளுக்கு அது பெரிய பாதுகாப்பு. அதனால் நல்ல நிலையில் உள்ள சிறு கல்லூரி என்றால் நான் தாராளமாக அனுப்பச் சொல்வேன். நல்ல நிலைதானா என்பதை மட்டும் நீங்களே பார்த்துவிடுங்கள்.

லாப நோக்கற்ற கல்லூரிகள் பெரும்பாலும் ஆண்டுதோறும் வருமான வரித்துறைக்குக் கொடுக்கும் 990 படிவம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். தொடர்ந்து மூன்று ஆண்டு பற்றாக்குறையா என்று பாருங்கள். எண்டோமென்ட் எனப்படும் நிலைநிதியிலிருந்து வழக்கத்துக்கு மேல் எடுத்திருந்தால், விதைநெல்லைக் குத்தித் தின்கிறார்கள் என்று பொருள். கல்வித்துறை தனியார் கல்லூரிகளுக்கு நிதிநிலை மதிப்பெண் போடுகிறது. உச்சம் 3, தேர்ச்சிக்கு 1.5. விளையாட்டில் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையையும் கல்வித்துறையின் தளத்தில் கல்லூரிவாரியாகப் பார்க்கலாம். மாணவர்களில் பாதிப் பேர் அணிகளில் இருந்தால், அந்தக் கல்லூரியை அணிகள்தான் தாங்கி நிற்கின்றன.

பயிற்சியாளரிடம் நேராகக் கேளுங்கள்: அணியில் எத்தனை பேர்? டென்னிஸில் ஒற்றையர் ஆட்டம் ஆறு, இரட்டையர் மூன்று. பதினெட்டுப் பேரைச் சேர்த்திருந்தால் பெரும்பாலோர் வேலிக்கு வெளியே நின்று கைதட்டுவார்கள். அணியை விட்டு விலகினாலும் தள்ளுபடி தொடரும் என்பதைச் சேர்க்கை அலுவலகத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் விசா விஷயத்தில் ஒன்று. பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4-இல் இருக்கும் மகனுக்கு மத்திய அரசின் கல்விக்கடன் கிடையாது. கல்லூரி மூடினால் அந்தக் கடனைத் தள்ளுபடி செய்யும் விதியும் அவனுக்கு உதவாது. இருபத்தொரு வயதில் எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாற வேண்டிவரலாம். எஃப்-1-இல் இருக்கும்போது கல்லூரி மூடினால், வேறு கல்லூரிக்குப் பதிவை மாற்ற அவகாசம் குறைவு. அதனால் மற்றவர்களைவிட நீங்கள் இரண்டு மடங்கு கவனமாகப் பார்க்க வேண்டும். மூட நேர்ந்தால் மாணவர்களை ஏற்றுக்கொள்ள வேறு கல்லூரியோடு ஒப்பந்தம் உண்டா என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

டெபாசிட் கட்டும் கடைசி நாள் பல இடங்களில் மே 1. அதற்கு முன் கல்லூரியின் பெயரையும் கடைசி மூன்று ஆண்டு 990 படிவங்களையும் எனக்கு அனுப்பிவையுங்கள். ஞாயிறு காலை எனக்கு வேலை இல்லை, வரிவரியாகப் படித்துவிட்டு உங்களைக் கூப்பிடுகிறேன்.