மறைத்துச் செய்த திருமணம்: மும்பைத் தமிழர் கேள்விகளுக்கு வழக்கறிஞர் பதில்

தாராவியிலிருந்து ஒரு சகோதரி: சென்ற ஆண்டு திருநெல்வேலியில் எனக்குத் திருமணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு முன்பே திருமணமாகி விவாகரத்தானதை மறைத்துவிட்டார்கள். நான்கு மாதங்களுக்கு முன் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் பழைய தீர்ப்பின் நகலைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அன்றே தாய்வீடு வந்துவிட்டேன். "ஒரு வருஷம் ஆகாமல் வழக்குப் போட முடியாது, பொறு" என்கிறார்கள் பெரியவர்கள். பொறுக்கலாமா?

பதில்: பொறுக்கவே கூடாது, அம்மா. பெரியவர்கள் சொல்லும் ஓராண்டுக் காத்திருப்பு விவாகரத்துக்கு உரியது. நீங்கள் கேட்க வேண்டியது 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் 12ஆம் பிரிவின்படி திருமண ரத்து. அதற்கோ மோசடி தெரியவந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுத் தாக்கல் செய்தாக வேண்டும், தெரிந்த பிறகு முழுச் சம்மதத்துடன் கணவருடன் வாழ்ந்திருக்கவும் கூடாது. "இரண்டு மாதம் சேர்ந்திருந்து பாருங்கள்" என்று நல்லெண்ணத்தோடு சொன்னதைக் கேட்டு, வெல்ல வேண்டிய வழக்கை இழந்து நின்ற பெண்களைப் பார்த்திருக்கிறேன்; அந்த வேதனையால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

முந்தைய மணத்தை மறைப்பது முக்கிய உண்மையை மறைப்பதே என்று நீதிமன்றங்கள் ஏற்றுள்ளன. அந்தத் தீர்ப்புக்குச் சான்றிட்ட நகல் வாங்குங்கள். அன்றிரவு யாருக்காவது வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தால், தெரியவந்த தேதிக்கு அதுவே சாட்சி, கைபேசியை மாற்றிவிடாதீர்கள். தீர்ப்பின் தேதியையும் பாருங்கள்: உங்கள் திருமண நாளில் முதல் மணம் முறியாமல் இருந்திருந்தால், 11ஆம் பிரிவின்படி உங்கள் திருமணம் அடியோடு செல்லாது, ஓராண்டுக் கெடுவும் கிடையாது. மனைவி தாம் வசிக்கும் இடத்திலேயே மனுச் செய்யலாம் என்பதால், திருநெல்வேலிக்கு அலையாமல் பாந்த்ரா குடும்பநல நீதிமன்றத்திலேயே தாக்கல் செய்யுங்கள்.

செம்பூர் அன்பர்: பெண்ணின் சம்பளத்தைச் சற்றுக் கூட்டிச் சொல்லிவிட்டார்கள். இது போதுமா?

பதில்: பெரும்பாலும் போதாது. உண்மை தெரிந்திருந்தால் சம்மதித்தே இருக்க மாட்டீர்கள் என்று நீதிமன்றம் நம்ப வேண்டும்.

மாட்டுங்கா தாயார்: ரத்தானால் என் பேரனின் நிலை என்ன?

பதில்: கலங்காதீர்கள். 16ஆம் பிரிவு அவனைச் சட்டப்படியான பிள்ளையாகவே கருதுகிறது. பெற்றோரின் சொத்தில் அவனுக்கு உரிமையும் உண்டு.

ஆன்டாப் ஹில் சகோதரர்: நாங்கள் கத்தோலிக்கர்கள். திருச்சபை நீதிமன்றம் எங்கள் திருமணத்தை ரத்து செய்துவிட்டது. நான் மறுமணம் செய்யலாமா?

பதில்: இப்போது கூடாது. திருச்சபையின் ரத்து நாட்டுச் சட்டப்படி திருமணத்தை முடிவுக்குக் கொண்டுவராது என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. கிறிஸ்தவர்களுக்கான 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, மோசடியால் பெற்ற சம்மதத்தைக் காரணமாக ஏற்கிறது. அதன்படி ஆணை பெற்ற பிறகே ஓலை வாசிக்க (கோவிலில் திருமண அறிவிப்புச் செய்ய) ஏற்பாடு செய்யுங்கள்.