249 கிராம் ட்ரோன்: லைசென்ஸ் வேண்டாம், அப்புறம் என்ன வேண்டும்?

கேள்வி: ஆரணிப் பக்கம் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் கல்யாண வீட்டார் முதலில் கேட்பதே "ட்ரோன் உண்டா?" என்றுதான். சென்னையில் ஒரு கடையில் 249 கிராம் ட்ரோன் காட்டி, "இதுக்கு லைசென்ஸ் தேவையில்லை சார், எங்கே வேணும்னாலும் பறக்கவிடலாம்" என்கிறார்கள். ஆனால் ஃபாரின் சரக்கு என்பதால் பில் கிடையாதாம். வாங்கலாமா?

பதில்: லைசென்ஸ் விஷயத்தில் கடைக்காரர் சொன்னது சரி. மற்றது இரண்டும் வம்பு.

2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை உள்ளது நானோ வகை. அதை ஓட்ட பைலட் சான்றிதழ் தேவையில்லை. 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. பொழுதுபோக்குக்கு என்றால் அதற்கும் சான்றிதழ் வேண்டாம். உங்களைப் போல் தொழிலுக்கு என்றால் கட்டாயம். இங்கேதான் ஒரு கண்ணி இருக்கிறது. எடை என்பது பெட்டியில் அச்சிட்ட எடை இல்லை, பறக்கும்போது இருக்கும் மொத்த எடை. அதிக நேரம் பறக்கட்டும் என்று பெரிய பேட்டரி போட்டாலோ, விசிறிக்குக் காப்பு வளையம் மாட்டினாலோ 249 கிராம் சுலபமாக 250-ஐத் தாண்டிவிடும். அன்றைக்கு நீங்கள் சான்றிதழ் இல்லாமல் மைக்ரோ ட்ரோன் ஓட்டிய ஆளாகிவிடுவீர்கள். நகைக்கடைத் தராசில் ஒருமுறை வைத்துப் பார்ப்பது நல்லது.

"எங்கே வேண்டுமானாலும்" என்பது சுத்தப் பொய். அரசு வரைபடத்தில் பச்சையாகக் காட்டும் மண்டலத்தில் 400 அடி வரை அனுமதி வாங்காமல் பறக்கலாம். விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் அந்த உச்சவரம்பு 200 அடி. 5 முதல் 8 கிலோமீட்டர் மஞ்சள் மண்டலம். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் அனுமதி வேண்டும். சிவப்பு மண்டலத்துக்கு மத்திய அரசே அனுமதி தரவேண்டும். டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு இணையதளத்தில் இருக்கும் அந்த வரைபடத்தை மண்டபம் புக் ஆன அன்று பார்த்தால் போதாது, முகூர்த்தத்தன்று காலையிலும் பாருங்கள். முக்கியப் பிரமுகர் யாராவது அந்தப் பக்கம் வந்தால் பச்சை ஒரே நாளில் சிவப்பாகலாம். விதி மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

பில் இல்லாத ஃபாரின் ட்ரோனைத் தொடவே வேண்டாம். முழு ட்ரோன்களை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்ய 2022 பிப்ரவரியிலிருந்தே தடை இருக்கிறது. பாதுகாப்பு, ஆராய்ச்சி போன்ற சிலவற்றுக்கு மட்டும்தான் விலக்கு. நாளைக்கு போலீஸ் நிறுத்திக் கேட்டால், "கடையில் கொடுத்தாங்க சார்" என்பதைத் தவிர உங்களிடம் சொல்ல எதுவும் இருக்காது.

கேள்வி: "இரண்டு நாள் ஆன்லைன் ட்ரோன் வகுப்பு, அரசுச் சான்றிதழ் உறுதி" என்று விளம்பரம் வருகிறது. பிளஸ் டூ முடித்த மகனைச் சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம். செல்லுபடியாகும் சான்றிதழை டிஜிசிஏ (மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) அங்கீகரித்த பயிற்சி நிறுவனம் மூலம்தான் பெற முடியும். நம் ஊரில் குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் அண்ணா பல்கலைக்கழகமே அப்படிப் பயிற்சி தருகிறது. வயது 18 முதல் 65, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். சான்றிதழ் 10 ஆண்டு செல்லும். பையனுக்கு 18 ஆகிவிட்டதா என்று முதலில் பாருங்கள். பணம் கட்டுமுன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: கையில் ரிமோட் கொடுத்து மைதானத்தில் எத்தனை மணி நேரம் பறக்கவிடுவீர்கள்? ட்ரோனின் மூக்கு நம்மைப் பார்த்துத் திரும்பியதும் இடதும் வலதும் மாறிவிடும். அந்தக் குழப்பம் விரலில் பழகித்தான் தீரும், வீடியோ பார்த்துத் தீராது.

கேள்வி: ட்ரோன் வாங்கிய வாரமே "வீடு திரும்பு" பொத்தானை அழுத்தினேன். நேராகத் தென்னை மட்டையில் போய் மோதியது. வாரண்டியில் சரிசெய்ய மறுக்கிறார்கள்.

பதில்: வாரண்டி தயாரிப்புக் குறைக்குத்தான், மோதலுக்குத் தனித் திட்டம் விற்பார்கள், அதை நீங்கள் வாங்கினீர்களா என்று பாருங்கள். அந்தப் பொத்தானை அழுத்தினால் ட்ரோன் நாம் குறித்த உயரத்துக்கு ஏறி, பிறகு கிளம்பிய இடத்துக்கு நேர்க்கோட்டில் வரும். அந்த உயரம் தோப்பைவிடக் குறைவாக இருந்தால் மோதத்தான் செய்யும். எல்லா மாடலும் தடையைக் கண்டு விலகாது. ஜிபிஎஸ் சரியாகக் கிடைக்கும் முன்பே கிளப்பியிருந்தால் திரும்பும் இடமும் தப்பாகிவிடும்.

ஆனால் நீங்கள் உயரத்தைச் சரியாக வைத்தும் அது ஏறவில்லை என்றால் கதை வேறு. பறந்த பதிவு ஆப்பில் இருக்கும். அழிக்காமல் எடுத்து வையுங்கள். அதைக் கொடுத்து, ஏன் வாரண்டி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுங்கள், பில் நகலோடு.