மேட்ச் பாயின்ட்டில் தோத்த பாப்பாவுக்கு எந்த எபிசோடு?

அண்ணா, கொருக்குப்பேட்டையிலிருந்து எழுதியிருந்தீங்க. ஜூனியர் டென்னிஸ் போட்டியில் மேட்ச் பாயின்ட் வரைக்கும், அதாவது இன்னும் ஒரு பாயின்ட் எடுத்தா ஜெயிச்சிடலாம்ங்கிற இடம் வரைக்கும் வந்து தோத்ததிலிருந்து 13 வயசுப் பாப்பா டென்னிஸ் மட்டையையே தொடலை, நெட்ஃபிளிக்ஸ்ல டென்னிஸ் ஆட்டக்காரங்களைப் பத்தின ‘பிரேக் பாயின்ட்’ ஆவணத் தொடரைக் காட்டலாமான்னு கேட்டீங்க. கண்டிப்பா காட்டுங்க. ஆனா முதல் எபிசோடு வேண்டாம். அது ஆஸ்திரேலிய வீரர் நிக் கிர்கியோஸ் கதை, கோபமும் கெட்ட வார்த்தையும் இருக்கு.

நேரா முதல் சீசன் மூணாவது எபிசோடுக்குப் போங்க. கிரீஸ் வீராங்கனை மரியா சக்காரி வர்றாங்க. 2021 பிரெஞ்ச் ஓபன் அரையிறுதியில் செக் வீராங்கனை கிரெய்சிகோவாவுக்கு எதிரா இன்னும் ஒரே ஒரு பாயின்ட் எடுத்தா ஃபைனல். அந்த இடத்துல நின்னு, கடைசி செட்டை 9-7ன்னு விட்டாங்க. டென்னிஸையே விட்டுடலாம்னு நினைச்சதை அவங்க வாயாலயே சொல்றாங்க. அடுத்த வருஷம் மார்ச்சில் உலகத் தரவரிசையில் 3-ம் இடம். பக்கத்துல உக்காந்து, நிறுத்தி நிறுத்தி பாப்பாவுக்குத் தமிழ்ல சொல்லுங்க.

அதே எபிசோடுல அமெரிக்க வீரர் டெய்லர் ஃபிரிட்ஸ், கணுக்கால் காயத்தோட ஆடவேண்டாம்னு கூட இருக்கிறவங்க தடுத்தும், இறங்கி நடாலை ஜெயிக்கிறார். அதைப் பெருசா பாராட்டாதீங்க. வளர்ற பொண்ணு வலியை மறைக்கக் கத்துக்கக் கூடாது.

நம்ம வியாசர்பாடி பசங்க ஃபுட்பால்ல தோத்தா பதினோரு பேரும் பேசித் தீர்த்துடுவாங்க. டென்னிஸ்ல அந்தப் பாரம் முழுக்க ஒருத்தி தலையிலதான். ஒரு வாரம் ஸ்கோரைப் பத்திப் பேச்சே எடுக்காதீங்க. அவளா கேட்டா, அடுத்து துனிசியா வீராங்கனை ஒன்ஸ் ஜபேர் வர்ற எபிசோடைப் போடுங்க.